அடம்பன் கொடி: ஒரு செடியா, பல செடிகளா?

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்ற பழமொழியைத் தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பல கொடிகள் ஒன்றுசேர்ந்தால் பலம் என்பது அதன் கருத்து. விஞ்ஞானப் பாடத்திலோ வேறொரு கேள்வி எழுகிறது: கடற்கரையில் படர்ந்து கிடக்கும் அடம்பன் உண்மையில் பல கொடிகளா?

மணலை விலக்கித் தண்டின் வழியே போய்ப் பாருங்கள். தனித்தனிச் செடிகளாகத் தெரிந்தவை ஒரே தண்டில் இணைந்திருக்கும். கணுக்களில் கீழ்நோக்கி வேர்களும் மேல்நோக்கி அங்குரங்களும் தோன்றுகின்றன. இராவணன் மீசை என்னும் முட்புல்லும் இப்படியே பரவுகிறது. இது பதியமுறை இனப்பெருக்கமாகும். ஒரு வித்திலிருந்து வந்த இவ்வங்குரங்கள் யாவும் ஒரே பரம்பரையலகுகளைக் கொண்டவை. இத்தகைய கூட்டத்தைக் குளோன் என்பர். இராவணன் மீசையில் ஆண் பூக்களும் பெண் பூக்களும் வெவ்வேறு தாவரங்களில் உண்டாவதால், ஒரு குளோன் முழுவதும் ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கும்.

"ஓடி மூலம் பரவும்" என்று எழுதிவிட்டு நிறுத்துவது மாணவர் வழக்கம். அதற்கு ஒரு புள்ளிதான். இணைப்பினால் என்ன நன்மை என்பதை விளக்கினாலே மீதிப் புள்ளிகள் கிடைக்கும்.

மணல் நீரைத் தேக்கி வைக்காது, கனியுப்புக்களும் குறைவு. அவையும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. ஓரிடத்தில் உக்கிய இலைகுழை இருக்கும். இரண்டடி தள்ளி வெறும் மணல். வெறும் மணலில் நீளும் இளநுனிக்கு இன்னும் வேர் இறங்கியிருக்காது. அதற்கு வேண்டிய நீரும் கனியுப்புக்களும் வேரூன்றிய கணுக்களிலிருந்து காழ் வழியாக வருகின்றன. ஒளித்தொகுப்பில் உண்டான வெல்லம் உரியம் வழியாகச் செல்கிறது. காற்று மணலை வாரிக்கொட்டி ஓர் அங்குரத்தை மூடிவிட்டால் அதற்கு ஒளியில்லை. வெளியே நிற்கும் அங்குரங்களின் உணவைக்கொண்டே அது மணலைத் துளைத்து மேலே வளர்கிறது. வடமராட்சி கிழக்கின் மணற்காட்டில் பழைய தேவாலயமொன்றே மணலில் புதைந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரை மணல்மேடுகளில், நமது வல்லாரையைப் போல நிலத்தில் படரும் ஒரு செடி ஆராயப்பட்டது. நைதரசன் கிடைத்த அங்குரங்களிலிருந்து, அது குறைந்த இடத்தில் நின்றவற்றுக்கு நைதரசன் கடத்தப்படுவதை 1988 இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஒரு மாணவி "தாய்ச்செடி இரக்கப்பட்டு உணவு கொடுக்கும்" என்று எழுதியிருந்தாள். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. புள்ளி போட முடியவில்லை. ஆவியுயிர்ப்பால் இலைகளில் நீர் குறைய, அப்பக்கம் நீர் இழுக்கப்படுகிறது. வெல்லம், அது உண்டாகும் இடத்திலிருந்து பயன்படும் இடத்துக்குச் செல்கிறது. இரக்கத்துக்கு இங்கே வேலையில்லை.

பிரதிகூலமும் உண்டு. நோய்க்கிருமிகளும் இதே தண்டு வழியாகப் பரவலாம். எல்லா அங்குரங்களும் ஒரே தன்மையுடையவை ஆதலால், ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கக்கூடும். கடல்நீரில் மிதந்து தூரக் கரைகளை அடையும் அடம்பன் வித்துக்களின் தேவை இங்கேதான்.

பயிற்சி: வேலி போடுவதற்காக ஓர் அடம்பன் தண்டு குறுக்கே வெட்டப்பட்டது. வேரூன்றாத நுனித்துண்டு சில நாட்களில் வாடியது. வேரூன்றிய மறுதுண்டு பசுமையாக இருந்தது. காரணம் கூறுக. வெட்டாமல் விட்டிருந்தால் அந்நுனி மணலில் எவ்வாறு தொடர்ந்து வளர்ந்திருக்கும்? (விடையில் காழ், உரியம் இரண்டும் இடம்பெற வேண்டும்.)