பத்து வயசு விமானத்தை ஏன் உடைச்சாங்க? உங்க லீசிங் முதலீட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

"எஃப்டி, எஸ்ஐபி தாண்டி வேற ஏதாவது இருக்கா சார்?"னு கேக்கறவங்க இப்போ அதிகம். அப்படிக் கேக்கறவங்க போனுக்கு வர்ற விளம்பரங்கள்ல ஒண்ணுதான் அசெட் லீசிங். உங்க பணத்துல ஒரு வண்டியோ மெஷினோ வாங்கி ஒரு கம்பெனிக்கு வாடகைக்கு விடுவாங்க. மாசாமாசம் வாடகை உங்க அக்கவுண்ட்டுக்கு வரும். கடைசியில அந்தப் பொருளை வித்து மிச்சப் பணம் தருவாங்க. அந்தக் "கடைசியில" என்கிற இடத்துலதான் விஷயமே இருக்கு. அதைப் புரிஞ்சுக்க ஏ380 விமானத்தை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

2007 அக்டோபர்ல சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்தான் முதல் ஏ380ஐ இயக்குச்சு. ரெண்டு முழு மாடி, நாலு இன்ஜின், உலகத்துலயே பெரிய பயணிகள் விமானம். ஆனா அந்த முதல் விமானங்கள் அவங்களோட சொந்த விமானம் இல்ல, பத்து வருஷ லீஸ். பின்னாடி இருந்தது டாக்டர் பீட்டர்ஸ் என்கிற ஜெர்மன் நிறுவனத்தோட ஃபண்டுகள். அதுல பணம் போட்டவங்க நம்மள மாதிரி தனிநபர்கள்தான்.

பத்து வருஷம் வாடகை ஒழுங்கா வந்துச்சு. லீஸ் முடிஞ்சதும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் "நன்றி, போதும்"னு சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. அடுத்து யாருக்குக் கொடுக்கிறது? பல ஏர்லைன்ஸோட பேசிப் பார்த்தாங்க, எதுவும் அமையல. பிரான்ஸ்ல இருக்கிற டார்ப் நகர விமான நிலையத்துல நிறுத்தி வெச்சிருந்த முதல் ரெண்டு விமானங்களையும் பாகம் பாகமா பிரிச்சு விக்கிறதுன்னு 2018ல முடிவு பண்ணாங்க. பத்து வயசுங்கறது ஒரு பயணிகள் விமானத்துக்கு நடுத்தர வயசு கூட இல்ல.

ஏன் இப்படி ஆச்சு? எங்க செம்பாக்கம் பக்கம் வேளச்சேரி மெயின் ரோட்டுல ஒரு பழைய ஸ்ப்ளெண்டரை விக்க நிறுத்திப் பாருங்க, சாயங்காலத்துக்குள்ள நாலு பேர் விலை கேட்பாங்க. பத்து லட்ச ரூபா இம்போர்ட்டட் பைக்கை நிறுத்துங்க. எல்லாரும் செல்ஃபி எடுப்பாங்க, வாங்க ஆள் இருக்காது. ஏ380 மொத்தமே 251தான் டெலிவரி ஆச்சு, அதுலயும் பாதிக்குக் கொஞ்சம் குறைவா எமிரேட்ஸ் ஒருத்தர்கிட்டயே போச்சு. இவ்வளவு சீட்டை தினமும் நிரப்பக்கூடிய ரூட் எல்லா ஏர்லைன்ஸ்கிட்டயும் இல்ல. நாலு இன்ஜின் எரிபொருள், நாலு இன்ஜின் பராமரிப்பு. போதாததுக்கு உள்ள சீட், கேபின் எல்லாத்தையும் புது ஓனருக்கு ஏத்த மாதிரி மாத்தவே பெரிய செலவு. போர்ச்சுகல்லோட ஹை ஃப்ளை மட்டும் 2018ல ஒரு பழைய ஏ380ஐ எடுத்தாங்க. 2020 முடியறதுக்குள்ள அவங்களும் விட்டுட்டாங்க.

"சரக்கு விமானமா மாத்தலாமே?" நல்ல கேள்விதான். ஆனா மேல் மாடித் தளம் மனுஷங்க எடைக்காகக் கட்டினது, கனமான சரக்குக்கு இல்ல. இடம் நிறைய இருக்கும், ஆனா அந்த இடம் நிரம்பற அளவுக்கு எடை தூக்க முடியாது. ஏர்பஸ்ஸே புதுசா சரக்கு ஏ380 செய்யறேன்னு ஆர்டர் வாங்குச்சு. ஃபெடெக்ஸும் யுபிஎஸ்ஸும் ரத்து பண்ணதும் அந்தத் திட்டமே நின்னுபோச்சு.

இப்போ நம்ம ஊர் கதைக்கு வாங்க. ஏர் இந்தியாவோட போயிங் 747, அதான் ஜம்போ. 1971ல முதல் 747 வந்தப்போ அதுக்கு வெச்ச பேர் 'எம்பரர் அசோகா'. கடைசியா மிச்சமிருந்த நாலு 747-400 விமானங்கள், பல வருஷம் குடியரசுத் தலைவரையும் பிரதமரையும் சுமந்த ரகம், 2021க்கு அப்புறம் பயணிகளை ஏத்தல. அமெரிக்காவோட ஏர்சேல் நிறுவனம் நாலையும் வாங்குச்சு. 2024 ஏப்ரல் 22 அன்னைக்கு 'ஆக்ரா'ங்கற விமானம் மும்பையிலேர்ந்து கிளம்பினப்போ, பைலட் இறக்கையை இடதும் வலதுமா அசைச்சு விடை சொன்ன வீடியோவை நீங்க பார்த்திருப்பீங்க. நாலுல ரெண்டு சரக்கு விமானமாகும், ரெண்டு உதிரி பாகமாகும்னு அப்போ செய்தி வந்துச்சு.

வித்தியாசத்தைக் கவனிங்க. ஏர் இந்தியா ஜம்போ கால் நூற்றாண்டு தாண்டின விமானம், அதுக்கு ஆள் கிடைச்சுச்சு. பத்து வயசு ஏ380க்குக் கிடைக்கல. காரணம், 747 ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல தயாரான விமானம். அதோட சரக்கு வகை இன்னைக்கும் நிறைய பறக்குது, அதனால பாகங்களுக்குக் கிராக்கி இருக்கு. உதிரி பாகத்துக்கு மதிப்பு வர்றது, அதே மாடல் வேற யார்கிட்டயாவது ஓடிட்டு இருக்கிற வரைக்கும்தான். விமானத்தை உடைச்சா பெரிய காசு இன்ஜின்லதான். அந்த ஜெர்மன் ஃபண்டும் இன்ஜின்களை ரோல்ஸ் ராய்ஸுக்கு ஸ்பேரா வாடகைக்கு விட்டுத்தான் கொஞ்சம் மூச்சு விட்டுச்சு.

மத்தபடி ஹோட்டலாக்கறது, ரெஸ்டாரண்ட்டாக்கறதெல்லாம் பார்க்க அழகு. ஸ்வீடன்ல ஆர்லாண்டா ஏர்போர்ட் பக்கம் 2009ல ஒரு ஜம்போவை ஹாஸ்டலாவே மாத்தினாங்க. ஆனா அப்படி விக்கறது ஏறக்குறைய காலி ஓடுதான், இன்ஜின் முதல்லயே கழண்டுடும். அந்த ஓட்டை எடுத்துட்டுப் போறதும் லேசு இல்ல. 2021ல டெல்லியில ஒரு பழைய ஏர் இந்தியா விமானம் நடைமேம்பாலத்துக்கு அடியில மாட்டிக்கிட்டு நின்னுச்சு. "அது நாங்க ஏற்கெனவே வித்துட்டோம், எங்களுக்கு சம்பந்தமில்ல"ன்னாங்க ஏர் இந்தியா!

சரி, கணக்குக்கு வருவோம். நீங்க 1,00,000 ரூபாய் போடறீங்க. மாசம் 3,000 வீதம் 36 மாசம் வாடகை. "வருஷத்துக்கு 36 சதவீதம்!"னு விளம்பரம் சொல்லும். அது வருமானம் இல்லீங்க, அதுல பெரும்பகுதி உங்க முதலே திரும்பி வர்றது. கடைசியில பொருள் 30,000க்கு வித்தா உங்க உண்மையான வருமானம் (ஐஆர்ஆர்) வருஷத்துக்குச் சுமார் 18 சதவீதம். 10,000க்குத்தான் போச்சுன்னா சுமார் 10. யாருமே வாங்கலைன்னா 5தான், எஃப்டியே தேவலாம். மூணு கேஸ்லயும் வாடகை ஒரு ரூபாய் கூட குறையல. இதெல்லாம் வரிக்கு முன்னாடி.

டாக்டர் பீட்டர்ஸ் 2018ல சொன்ன கணக்குப்படி, முதலீட்டாளர்களுக்கு மொத்தமா போட்டதுல 145லிருந்து 155 சதவீதம் வரை திரும்பும். நஷ்டம் இல்ல. ஆனா பத்து வருஷத்துக்கு மேல, ஒரே பொருள்ல, நடுவுல வெளிய வர வழியில்லாம இருந்ததுக்குக் கிடைச்சது அது. இன்னொரு கொடுமை பாருங்க. கோவிட்டுக்கு அப்புறம் புது விமானங்கள் லேட்டானதால, ஓரங்கட்டின ஏ380களை லுஃப்தான்ஸா, எத்திஹாட் எல்லாம் திரும்ப பறக்க விட்டாங்க. ஆனா நிறுத்தி வெச்ச விமானத்துக்கு பார்க்கிங், பராமரிப்புன்னு மாசாமாசம் செலவு. அதைக் கொடுத்துக்கிட்டு நாலஞ்சு வருஷம் காத்திருக்க ஒரு சின்ன ஃபண்டால முடியாது, ஏர்லைன்ஸால முடியும்.

அதனால லீசிங் திட்டம் எதுவா இருந்தாலும், கடைசி விற்பனை விலையை யார் மதிப்பிட்டாங்க, அந்த விலைக்குத் திரும்ப வாங்கிக்கறேன்னு யாராவது எழுதிக் கொடுத்திருக்காங்களா, அப்படிக் கொடுத்த கம்பெனி மூணு வருஷம் கழிச்சு இருக்குமா, இந்த மூணையும் அக்ரிமெண்ட்ல தேடுங்க. பிரவுச்சர்ல இல்ல. அப்புறம் எக்செல் திறந்து ரேட் ஃபங்ஷன்ல 36, 3000, மைனஸ் 100000, 30000னு வரிசையா கொடுத்து, வர்ற விடையை 12ஆல பெருக்குங்க. 18 சொச்சம் வரும். உங்களுக்கு வந்த திட்டத்தோட நம்பர்களைப் போட்டு, கடைசி நம்பரை மட்டும் முதல்ல பாதியாக்குங்க, அப்புறம் பூஜ்யமாக்குங்க.