பெயர் கெட்ட பேசிக்

1984இல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த கணினி ரகம் இந்த பிபிசி மைக்ரோ. நினைவகம் 32 கேபி. சுவிட்சைப் போட்டதுமே பேசிக் தயார்.

1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் எல்லாத் துறை மாணவருக்குமாக உருவாக்கிய நிரல்மொழி பேசிக். வரிகளுக்கு 10, 20, 30 என்று எண். விட்டுப்போனதை 15இல் செருகலாம். ‘கோடூ 10’ என்றால் நிரல் பத்தாம் வரிக்குத் தாவும். இந்தத் தாவல்தான் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. பேசிக்கில் பழகியவருக்கு நல்ல நிரலாக்கம் வரவே வராது என்று 1975இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா சாடினார். கொஞ்சம் அதிகப்படியான கோபம்தான். இந்தக் கணினிக்காக சோஃபி வில்சன் எழுதிய பிபிசி பேசிக்கில் ‘ரிப்பீட்–அன்டில்’, ‘புரொசீஜர்’ எல்லாம் உண்டு, தாவாமலே எழுதலாம். மேல்வரிசைச் சிவப்பு விசைகளைப் பாருங்கள்: அடிக்கடி தட்டும் கட்டளைகளை அவற்றில் பதிந்துவைக்கலாம்.