கன்று ஈன்ற பசுவைத் தாக்கும் கீட்டோசிஸ்: கல்லீரல் செல்லுக்குள் நடப்பது என்ன?

பெங்களூரு: நன்றாகக் கறந்துகொண்டிருந்த பசு, கன்று ஈன்ற சில வாரங்களுக்குள் திடீரென அடர் தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் மெல்லத் தொடங்கும். பால் குறையும், உடல் இளைக்கும், மூச்சில் ஒருவித இனிப்பு வாடை வீசும். அதிகம் பால் தரும் கலப்பினப் பசுக்களில் காணப்படும் கீட்டோசிஸ் நோயின் அறிகுறிகள் இவை.

பெங்களூருவின் அடுகோடி பகுதிக்கும் கறவை மாடுகள் குறித்த அறிவியலுக்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. 1923-ஆம் ஆண்டு இங்கு தொடங்கப்பட்ட இம்பீரியல் கால்நடை வளர்ப்பு மற்றும் பால்பண்ணை நிறுவனத்தில் 1927-இல் மகாத்மா காந்தி மாடு பராமரிப்புப் பயிற்சி பெற்றார். அந்த நிறுவனத்தின் தலைமையகம் 1955-இல் இன்றைய ஹரியாணாவில் உள்ள கர்னாலுக்கு மாற்றப்பட்டது. அடுகோடி வளாகம் இப்போது தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமாக இயங்குகிறது. தீவனம் கால்நடையின் உடலுக்குள் என்னவாகிறது என்பதை ஆராயும் தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனமும் இங்கேயே உள்ளது.

கீட்டோசிஸும் அத்தகைய கேள்விதான். ஒரு லிட்டர் பசும்பாலில் 45 முதல் 50 கிராம் வரை லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை உண்டு. நாளொன்றுக்கு 20 லிட்டர் கறக்கும் பசு, ஏறக்குறைய ஒரு கிலோ சர்க்கரையைப் பாலில் இழக்கிறது. அதற்கான குளுக்கோஸைக் கல்லீரலே தயாரித்தாக வேண்டும். ஆனால், கன்று ஈன்ற தொடக்க வாரங்களில் பால் பெருகும் வேகத்துக்குப் பசி பெருகுவதில்லை. பற்றாக்குறையைச் சரிக்கட்ட உடல் தன் கொழுப்பைக் கரைத்து, கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் விடுகிறது. அவை கல்லீரலில் குவிகின்றன.

செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலம் முதலில் கோ-என்சைம் ஏ என்ற மூலக்கூறுடன் இணைந்து 'அசைல்-கோஏ' ஆகிறது. இந்த வடிவில் அது உட்சவ்வைக் கடக்க முடியாது. எனவே, வெளிச்சவ்வில் உள்ள சிபிடி-1 என்ற நொதி, அதனைக் கார்னிடைன் என்ற சுமைதூக்கியிடம் மாற்றிக் கொடுக்கிறது. உள்ளே சென்றதும் சுமை இறக்கப்பட்டு, கார்னிடைன் வெளியே திரும்புகிறது.

இந்த வாசலுக்குக் காவலும் உண்டு. உடல் கொழுப்பைச் சேமிக்கும் காலத்தில் உருவாகும் மலோனைல்-கோஏ, சிபிடி-1 நொதியைத் தடுத்து வாசலை அடைக்கிறது. ஒரே நேரத்தில் கொழுப்பைக் கட்டுவதும் எரிப்பதும் வீண் வேலை அல்லவா? ஈன்ற பசுவிடம் இன்சுலின் குறைவதால் மலோனைல்-கோஏ குறைந்து வாசல் அகலத் திறக்கிறது. உள்ளே வெள்ளமெனப் புகும் கொழுப்பை முழுமையாக எரிக்கத் தேவையான ஆக்சலோஅசிட்டேட்டோ, குளுக்கோஸ் தயாரிப்புக்கு இழுக்கப்பட்டுவிடுகிறது. எஞ்சுவது கீட்டோன்களாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. உள்ளே செல்லாத கொழுப்பு கல்லீரலிலேயே படிகிறது. அதனை வெளியேற்றும் திறன் மாட்டின் கல்லீரலுக்கு மிகக் குறைவு.

அசைல்-கோஏ மற்றொரு வாசலையும் பாதிக்கக்கூடும். ஏடிபி எனும் ஆற்றல் மூலக்கூறை உட்சவ்வின் வழியே வெளியேற்றும் புரதத்தை அது தடுப்பது, பிரித்தெடுக்கப்பட்ட மைட்டோகாண்ட்ரியாவில் நிரூபிக்கப்பட்டுள்ளது. எனினும், உயிருள்ள செல்லில் அசைல்-கோஏவின் பெரும்பகுதி வேறு புரதங்களுடன் பிணைந்திருப்பதால், இத்தடையின் அளவு குறித்து விவாதம் நீடிக்கிறது.

பசு இளைப்பதைக் கண்டு கொழுப்புச் சத்தை மட்டும் கூட்டுவது இந்நோய்க்குத் தீர்வாகாது. பெரும்பாலான கொழுப்பு அமிலங்களிலிருந்து குளுக்கோஸ் உருவாவதில்லை. அதேபோல், சினைக் காலத்தில் பிண்ணாக்கை வாரி வழங்கிப் பசுவைக் கொழுக்க வைப்பதும் ஆபத்தானது. கொழுத்த பசுவே ஈன்றபின் அதிகக் கொழுப்பைக் கரைக்கும். பசியும் அதற்கே குறைவு. ஒரு லிட்டர் ரத்தத்தில் பீட்டா-ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற கீட்டோன் 1.2 மில்லிமோலைத் தாண்டினால், அறிகுறிகள் தென்படாவிட்டாலும் நோய் தொடங்கிவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. குளுக்கோஸ் ஊசியும், வாய்வழி புரோப்பிலீன் கிளைக்காலும் வழக்கமான சிகிச்சைகள். இவற்றைக் கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படியே அளிக்க வேண்டும்.