பரீட்சை எழுதாத பேட்ச்

2021-இல் பிளஸ் டூ முடித்தவர்கள் இன்று பட்டதாரிகள். பள்ளி நாட்களைத் திரும்பிப் பார்த்தால் மட்டும் ஒரு கணக்கு இன்னும் நேராகவில்லை.

தேர்வு எண் என்னவென்று தெரிந்ததே ரிசல்ட் வருகிற வேளையில்தான். 2021 ஜூலை 30. சி.பி.எஸ்.இ. பிளஸ் டூ முடிவுகளைப் பார்க்க எண் வேண்டும். எண் ஹால் டிக்கெட்டில் இருக்கும். தேர்வே நடக்காததால் ஹால் டிக்கெட் தரப்படவில்லை. கடைசியில் வாரியமே தன் இணையதளத்தில் மாணவர்கள் விவரங்களைக் கொடுத்து எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்ள ஏற்பாடு செய்தது. எழுதாத பரீட்சையின் எண்ணைத் தேடிப் பிடித்து, வாங்காத மதிப்பெண்ணைப் பார்த்தார்கள் பிள்ளைகள்.

பார்த்தவர்களில் அநேகமாக எல்லோரும் பாஸ். தேர்ச்சி 99.37 சதவீதம். முந்தைய ஆண்டில் இது 88.78. 95 சதவீதத்துக்கு மேல் வாங்கியவர்கள் 38,686 பேரிலிருந்து 70,004 பேராகப் பெருகியிருந்தார்கள். வீடுகளில் இனிப்பு வழங்கப்பட்டது. கூடவே ஒரு சிரிப்பும். 'கொரோனா பாஸ்' என்ற பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அந்தப் பெயர் முழுதாக உதிரவில்லை.

இத்தனைக்கும் இந்த வகுப்பு ஒன்றும் தேர்வுக்கு அஞ்சி ஓடியதல்ல. பத்தாம் வகுப்பு வாரியத் தேர்வு விருப்பத் தேர்வாக இருந்த காலம் போய், 2018-இல் மறுபடி கட்டாயமானது. 2019-இல் அதை எழுதிய இரண்டாவது அணி இவர்கள். அப்போது எல்லா வீட்டிலும் சொல்லப்பட்டது ஒன்றுதான்: இது ஒத்திகை, நிஜமான ஆட்டம் பிளஸ் டூவில். பதினொன்றாம் வகுப்பு வந்ததும் பிடி இன்னும் தளர்ந்தது. பிளஸ் ஒன் மார்க்கை யார் கேட்கப் போகிறார்கள் என்று மாணவர் மட்டுமல்ல, பெற்றோரும் நினைப்பது வழக்கம். ஐ.ஐ.டி., மருத்துவம் என்று பயிற்சி மையங்களுக்கு ஓடியவர்கள் பள்ளித் தேர்வை ஒப்புக்கு எழுதினார்கள். அந்த ஆண்டுப் பாடம் முடிகிற நேரத்தில், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. மார்ச் 24 இரவு 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. மூன்று வாரத்தில் திரும்பிவிடலாம் என்று நம்பித்தான் பலர் லேப் நோட்டைப் பள்ளியிலேயே விட்டு வந்திருந்தார்கள்.

பிளஸ் டூ என்பது அதன் பிறகு ஒரு கைப்பேசித் திரை. அதுவும் இருந்தவர்களுக்கு. கிராமப்புறக் குழந்தைகள் பற்றிய 'ஏசர்' ஆய்வின்படி, 2018-இல் 36.5 சதவீதப் பிள்ளைகளின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. 2020-இல் 61.8 சதவீதம். கடன் வாங்கியாவது அப்பாக்கள் போன் வாங்கினார்கள் என்பதற்கு இந்த எண்ணே சாட்சி. ஆனால் வீட்டில் ஒரு போன், படிக்கிற பிள்ளைகள் மூன்று, வேலைக்குப் போகும்போது போனைக் கையோடு எடுத்துப்போகும் அப்பா என்ற கணக்கு எந்த ஆய்விலும் முழுதாக வராது. ஆசிரியருக்கோ எதிரே முகங்கள் இல்லை, பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்கள்தான். புரிந்ததா என்று கேட்டால் வருவது மௌனம். கேள்வி கேட்டவர் மைக்கை அணைக்க மறந்திருந்தால் பின்னணியில் குக்கர் விசில்.

தில்லியில் 2021 ஜனவரி 18, தமிழ்நாட்டில் ஜனவரி 19: பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கதவு திறந்தது. பெஞ்சுக்கு ஒருவர், முகத்தில் முகமூடி. பள்ளி வாழ்க்கையின் கடைசி மூன்று மாதம் கூட முழுதாகக் கிடைக்கவில்லை. ஏப்ரலில் இரண்டாம் அலை. மே 4-இல் தொடங்க வேண்டிய தேர்வு ஏப்ரல் 14-இல் தள்ளிவைக்கப்பட்டது. ஜூன் 1-இல் ரத்தே ஆனது.

ரத்து செய்தது தவறு என்று இன்றும் அந்த வகுப்பில் அதிகம் பேர் சொல்ல மாட்டார்கள். அந்த ஏப்ரல், மே மாதங்களில் தில்லியில் இருந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. வீட்டுப்பாடம் கேட்பதற்காக ஆரம்பித்த வாட்ஸப் குழுக்களில் ஆக்ஸிஜன் சிலிண்டர் எங்கே கிடைக்கும், எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்ற தகவல்கள் ஓடின. பதினேழு வயதுப் பிள்ளைகள் தொலைபேசி எண்களைச் சரிபார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பெற்றோரைப் பறிகொடுத்தவர்களும் அந்தக் குழுக்களில் இருந்தார்கள். அவர்களிடம் போய்ப் பரீட்சை பற்றிப் பேசுவது எப்படி?

குறை வேறு இடத்தில். மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்பதில்.

ஜூன் 17-இல் உச்ச நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட சி.பி.எஸ்.இ. சூத்திரம் இது: எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் 30 சதவீதம் பத்தாம் வகுப்பிலிருந்து, 30 சதவீதம் பதினொன்றாம் வகுப்பிலிருந்து, 40 சதவீதம் பன்னிரண்டாம் வகுப்பின் யூனிட் டெஸ்ட், அரையாண்டு, மாதிரித் தேர்வுகளிலிருந்து. பத்தாம் வகுப்பில் சிறப்பாகச் செய்த மூன்று பாடங்களின் சராசரி எடுத்துக்கொள்ளப்பட்டது. அதாவது, கணக்குப்பதிவியல் மாணவரின் பிளஸ் டூ மதிப்பெண்ணில் பதினைந்து வயதில் அவர் எழுதிய சமூக அறிவியலுக்கும் இந்திக்கும் பங்கு உண்டு. ஒத்திகை என்று சொல்லப்பட்டது நாடகமாகிவிட்டது. யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்ட பிளஸ் ஒன் மார்க்கை வாரியமே கேட்டது.

அதோடு நிற்கவில்லை. பள்ளிகள் அள்ளி வழங்கிவிடக் கூடாதே என்று இன்னொரு கடிவாளம். முந்தைய மூன்று ஆண்டுகளில் பள்ளியின் சிறந்த ஆண்டு எதுவோ அது அளவுகோல்; பாடவாரியாகப் பள்ளியின் சராசரி அதிலிருந்து 5 மதிப்பெண்ணுக்கு மேல் விலகக் கூடாது. முதல்வர், அதே பள்ளியின் இரண்டு மூத்த ஆசிரியர்கள், பக்கத்துப் பள்ளிகளின் இரண்டு ஆசிரியர்கள் கொண்ட குழு உட்கார்ந்து கூட்டிக் கழித்தது. வாரியத்தின் நோக்கம் நியாயமானதே. விளைவு என்னவென்றால், ஒரு மாணவியின் மதிப்பெண் அவளுக்கு முன் அந்த வகுப்பில் உட்கார்ந்து படித்த அண்ணன்களும் அக்காக்களும் வாங்கியதைப் பொறுத்து ஏறியது, இறங்கியது. சுமாரான பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பெண்ணுக்கு அது எப்படிப்பட்ட செய்தி என்று யோசிக்கலாம். அப்பாவுக்கு மாற்றலாகி நடுவில் வேறு கேந்திரிய வித்யாலயாவுக்குப் போன பிள்ளைகளுக்கு முன்பின் அறியாத சீனியர்களின் பாரமும் வரமும் வந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டுக் கணக்கு இன்னும் நேரடியானது: பத்தாம் வகுப்புக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30. எல்லோரும் தேர்ச்சி. இதே ஆண்டில் கேரளமும் பீகாரும் பிளஸ் டூ தேர்வை நடத்தியே முடித்திருந்தன.

யாருக்கு லாபம்? ஆண்டு முழுதும் ஒரே சீராகப் படித்தவர்களுக்கு நஷ்டமில்லை. வாத்தியாரிடம் திட்டு வாங்கிக்கொண்டே இருந்து கடைசி மூன்று மாதத்தில் விழுந்து விழுந்து படிக்கிற ரகம் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்களுக்குத்தான் அந்த மூன்று மாதம் கிடைக்கவில்லை. திருப்தி இல்லாதவர்கள் எழுதலாம் என்று ஆகஸ்ட் 25 முதல் தேர்வு நடந்தது. ஆனால் எழுதினால் அதில் வருவதுதான் இறுதி என்று நிபந்தனை. துணிந்து எழுதி இருந்ததையும் இழந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். இரண்டில் நல்லதை ஏற்றுக்கொள்ளலாம் என்று 2022 ஜனவரி 7-இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனையை ரத்து செய்தபோது கல்லூரி அட்மிஷன் பெரும்பாலும் முடிந்துவிட்டிருந்தது.

அந்த அட்மிஷன் தனிக்கதை. 2021 அக்டோபரில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டியலில் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி பொருளாதாரத்துக்கும், இந்து, ராம்ஜஸ் கல்லூரிகள் அரசியல் அறிவியலுக்கும் கேட்டது 100 சதவீதம். எழுதாத தேர்வில் 97 வாங்கியவருக்கு அங்கே இடமில்லை. மறு ஆண்டே பொது நுழைவுத் தேர்வு வந்து கட்-ஆஃப் முறை போய்விட்டது. பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்து அங்கே இடம் பிடித்த கடைசி அணி, அந்த மதிப்பெண்ணைத் தேர்வெழுதிப் பெறாத அணியாக அமைந்தது.

இவர்கள் பேச்சில் அதிகம் வருவது மார்க் அல்ல, வராமல் போன கடைசி நாள். வடக்கே பிளஸ் ஒன் மாணவர்கள் சீனியர்களுக்கு விடைகொடுக்கும் விழா. பெண்கள் முதல் முறையாக அம்மாவின் பட்டுப்புடவை கட்டி வருவது. கடைசிப் பரீட்சை முடிந்து வாசலில் வெள்ளைச் சட்டை முதுகில் மை பேனாவால் கையெழுத்துப் போடுவது. பல பள்ளிகளில் ஒன்றும் நடக்கவில்லை. ஆளுக்கொரு நேரம் ஒதுக்கி, வாயிலில் கிருமிநாசினி தெளித்து, ஜன்னல் வழியாக டி.சி. கொடுத்தனுப்பினார்கள். பெஞ்சுத் தோழியைப் பார்க்காமலே பலருக்குப் பள்ளி முடிந்தது. கல்லூரியும் திரையிலேயே தொடங்கியது. தில்லிப் பல்கலைக்கழகம் வகுப்பறைகளைத் திறந்தது 2022 பிப்ரவரி 17-இல்தான்.

அந்தக் கையெழுத்துகளைச் சிலர் பிறகு வாங்கிக்கொண்டார்கள். கூடிக் களிக்க ஒரு நாள் குறித்து, சின்னதாகிவிட்ட சீருடைச் சட்டையைத் தேடி எடுத்து வந்தார்கள். வேலைக்கான விண்ணப்பங்களில் இன்னும் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன: பத்தாம் வகுப்பு எவ்வளவு, பிளஸ் டூ எவ்வளவு. முதல் கட்டத்தை இவர்கள் தயங்காமல் நிரப்புகிறார்கள். இரண்டாவதில் போடுகிற எண்ணில் ஒரு பகுதி, தமிழ்நாட்டுக்காரர் என்றால் சரியாகப் பாதி, அந்த முதல் கட்டத்திலிருந்தே வந்தது.