படிச்சேன் ஹஜ்ரத், புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு: கிளாட் தேர்வும் நம் பிள்ளைகளின் வாசிப்பும்

தண்டையார்பேட்டையில் ஒருநாள் இஷா தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டும் சகோதரர் ஒருவர் மகளுடன் காத்திருந்தார். பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் மட்டும் 94 மதிப்பெண் எடுத்த பிள்ளை. வக்கீலாக வேண்டும் என்ற ஆசையில் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு எழுதியிருக்கிறாள். ஆங்கிலப் பகுதியில் 24 கேள்விகளில் சரியானது ஒன்பதுதான்.

"எல்லாப் பத்தியும் படிச்சேன் ஹஜ்ரத். புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. ஆன்சர பாத்தா நாலுமே சரியா தெரியுது" என்றாள்.

கேள்வித்தாளை எடுத்துவரச் சொல்லி, முதல் பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னோம். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. தந்தையின் முகத்தில் பெருமை. "மூணாவது வரியில 'தே'ன்னு வருதேம்மா, அது யாரைச் சொல்லுது?" என்று கேட்டோம். திரும்பப் பார்த்தாள். பதில் வரவில்லை.

அந்த இடத்தில் நம்மையே பார்த்தது போல இருந்தது. அரபிக் கல்லூரியில் ஏழாண்டு ஓதி முடித்தபின் தபால் வழியில் பி.ஏ. சேர்ந்தோம். முதல் ஆங்கிலத் தாளில் தோற்றோம். சொற்களுக்கு அர்த்தம் தெரியும், வாக்கியம் என்ன சொல்கிறது என்று தெரியாது. பிறகுதான் ஒன்று உறைத்தது. கிதாபு ஓதும்போது உஸ்தாது நம்மை அப்படி விட்டதே இல்லையே! இபாரத்தை வாசித்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இந்த ழமீர் எங்கே திரும்புகிறது?" என்பதுதான். 'அவர்', 'அது' என்று வரும் ஒவ்வொரு சொல்லும் முன்னே போன எந்தப் பெயரைக் குறிக்கிறது என்று சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. இந்தக் கட்டுப்பாட்டை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனோம். அடுத்த முறை தேறினோம்.

தேர்வைப் பற்றிச் சற்று விவரமாகத் தெரிந்துகொள்வோம். கிளாட் 2008இல் தொடங்கியது. முன்பு 200 கேள்விகள், பெரும்பாலும் மனப்பாடத்தில் சமாளிக்கக்கூடியவை. 2020 முதல் அமைப்பே மாறி, பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேட்கும் தேர்வாகிவிட்டது. இப்போது 120 கேள்விகள், 120 நிமிடங்கள். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறுக்கு 0.25 குறையும். ஆங்கிலப் பகுதியில் 22 முதல் 26 கேள்விகள். ஆனால் சட்டம், தர்க்கம், நடப்பு நிகழ்வுகள் ஆகிய பகுதிகளும் பத்திகளாகவே வருகின்றன. ஆகவே வாசிப்பு பலவீனமானால் ஒரு பகுதி மட்டும் போகாது, தாள் முழுவதும் ஆட்டம் காணும். தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வில் தமிழ் உட்பட 13 மொழிகளில் ஒன்றை மொழித்தாளாக எடுக்கலாம். அதிலும் வாசித்துப் புரிந்துகொள்ளும் கேள்விகள் உண்டு. இத்தகைய நுழைவுத் தேர்வுகள் தேவையா என்ற கேள்வி நியாயமானதே. க்யூட்டை எதிர்த்து 2022 ஏப்ரலில் நம் சட்டப்பேரவை தீர்மானமே நிறைவேற்றியது. ஆனால் வரும் டிசம்பரில் தேர்வு மண்டபத்தில் உட்காரப்போகும் பிள்ளைக்கு அந்த விவாதம் மதிப்பெண் தராது.

நேரக் கணக்கைப் பாருங்கள். ஒரு பத்தி சுமார் 450 சொற்கள். நான்கு பத்திகள் என்றால் 1800 சொற்கள். 24 கேள்விகளுக்கு 24 நிமிடங்கள் ஒதுக்குகிறோம் என்று வையுங்கள். உதட்டை அசைத்து, மனதுக்குள் சத்தமாக வாசிக்கும் பிள்ளை நிமிடத்துக்கு 150 சொற்கள் போனால், வாசிக்கவே 12 நிமிடங்கள் ஆகிவிடும். ஒரு கேள்விக்கு மிஞ்சுவது அரை நிமிடம். அதுவே 225 சொற்களாக உயர்ந்தால் வாசிப்பு 8 நிமிடங்களில் முடியும், கேள்விக்கு 40 விநாடி கிடைக்கும். அந்தப் பத்து விநாடியில்தான் பத்திக்குத் திரும்பிச் சரிபார்க்க முடிகிறது. ஆனால் வேகத்துக்காகப் புரிதலை விட்டால் இரண்டும் போய்விடும். முதல் இரண்டு மாதம் கடிகாரத்தையே பார்க்க வேண்டாம் என்பது நம் கருத்து.

இனி, 'நாலுமே சரியா தெரியுது' என்றாளே, அதற்கு வருவோம். அந்தப் பிள்ளைக்கு நாம் தமிழிலேயே ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினோம்: "எண்ணூர் கழிமுகத்தில் மீன் குறைந்துபோனதற்குச் சாம்பல் கழிவும் ஒரு காரணம் என்று மீனவர்கள் சொல்கிறார்கள்." இதற்கு நான்கு விடைகள். ஒன்று, மீன் குறைந்ததற்குச் சாம்பல் கழிவே காரணம். இரண்டு, சாம்பல் கழிவு காரணம் என்று கட்டுரையாளர் நம்புகிறார். மூன்று, எண்ணூரில் அனல்மின் நிலையம் இருக்கிறது. நான்கு, சாம்பல் கழிவைக் காரணங்களில் ஒன்றாக மீனவர்கள் கருதுகிறார்கள்.

அவள் முதலாவதைத் தொட்டாள். 'கழிவும்' என்பதில் உள்ள 'உம்' அவள் கண்ணில் படவில்லை. 'உம்' என்றால் வேறு காரணங்களும் உண்டு என்று பொருள். இரண்டாவது விடையில், சொன்னவர் மாறிவிட்டார். மீனவர்கள் சொன்னதைக் கட்டுரையாளரின் தலையில் கட்டக் கூடாது. கிதாபில் 'கீல' என்று தொடங்கும் இடங்களை ஓதியவர்களுக்கு இது பழக்கமானதுதான். 'சொல்லப்பட்டது' என்று மட்டும் எழுதி, அதைத் தன் கருத்தாக ஏற்காமல் ஆசிரியர் ஒதுங்கி நிற்பார். மூன்றாவது உலகத்தில் உண்மை, நம் வீட்டு மாடியில் நின்றால் புகைபோக்கியே தெரியும், ஆனால் அந்த வாக்கியத்தில் இல்லை. இந்த மூன்றாவது வகைதான் கெட்டிக்காரப் பிள்ளைகளை அதிகம் ஏமாற்றுகிறது. பொது அறிவு கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது.

நான்காவதுதான் விடை. கவர்ச்சியே இல்லாதது, பத்தி சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதது. 'மட்டுமே', 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று அழுத்திச் சொல்லும் விடைகளைக் கண்டால், பத்தியும் அவ்வளவு அழுத்திச் சொன்னதா என்று திரும்பப் போய்ப் பாருங்கள். அதேபோல, 'ஹவ்எவர்', 'பட்', 'யெட்' வரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பெரும்பாலும் ஆசிரியர் தன் பேச்சைத் திருப்புவது அங்கேதான்.

தெரியாத கேள்வியை விட்டுவிடுவதா, ஊகிப்பதா? நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு 12 கேள்விகளுக்குக் குறித்தால், சராசரியாக 3 சரியாகும், 9 தவறாகும். 3 கிடைத்து 2.25 போய், மிஞ்சுவது முக்கால் மதிப்பெண். இரண்டு விடைகளைக் காரணத்தோடு நீக்கிவிட்டு மிச்சத்தில் ஒன்றைக் குறித்தால் 6 சரி, 6 தவறு. 6 கிடைத்து 1.5 போய், மிஞ்சுவது நாலரை. ஆகவே உழைப்பு முழுவதும் தவறான விடையை நீக்குவதில் இருக்கட்டும்.

பயிற்சிக்குப் பணம் பெரிதாகத் தேவையில்லை. பழைய கேள்வித்தாள்கள் கிளாட் கூட்டமைப்பின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்று போதும். வாசித்துவிட்டு, தாளை மூடி, அது என்ன சொன்னது என்று வீட்டில் தமிழில் சொல்ல வேண்டும். உம்மா ஆங்கிலம் படிக்காதவராக இருப்பது இங்கே நல்லதே, அவருக்குப் புரியும்படி சொல்ல முடியவில்லை என்றால் பிள்ளைக்கும் புரியவில்லை. சொற்பட்டியல் வாங்கி மனனம் செய்வதில் நமக்கு நம்பிக்கை இல்லை. தெரியாத சொல்லை அது வந்த வாக்கியத்தோடு சேர்த்து நோட்டில் எழுதுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும், ஏன் அந்த விடை நம்மை இழுத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். இந்தப் பிள்ளைக்கு அது 'சொன்னவர் யார்' என்பது. முப்பது தவறுகளில் பதினொன்று அதுதான்.

இடம்தான் பெரிய சிக்கல். ஒற்றை அறை வீடு, வெளியே இரவெல்லாம் லாரிச் சத்தம். விடுமுறை நாளில் மெட்ரோவில் சென்ட்ரல் போய் மாறினால் எழும்பூர், அங்கிருந்து கன்னிமாரா நூலகம் பக்கம். மற்ற நாட்களுக்கு? மஹல்லா பெரியவர்களிடம் பேசினோம். பள்ளிவாசல் மாடியில் மக்தப் நடக்கும் அறை, பிள்ளைகள் போனபின் பூட்டியே கிடக்கிறது. மக்ரிபிலிருந்து இஷா வரை பெண் பிள்ளைகளுக்கும், இஷாவுக்குப் பின் பத்து மணி வரை பையன்களுக்கும் திறந்துவிடக் கேட்டோம். "பொம்பளப் புள்ளைங்க மாடிக்கு வர்றதா?" என்று ஒருவர் தயங்கினார். வாசல் பக்கத்துப் படிக்கட்டைத் தனியாக விட்டால் போதும் என்றதும் ஒத்துக்கொண்டார். மின்விசிறி ஒன்று ஓடவில்லை, அதைச் சரிசெய்ய வேண்டும்.

தந்தைக்கு ஒரு கவலை இருந்தது, ஒருமுறை தவறியவள் மறுபடி எழுதலாமா என்று. எழுதலாம். கிளாட் இளநிலைக்கு வயது வரம்பு இல்லை, பிளஸ் டூவில் பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம் இருந்தால் போதும். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் இடம் கிடைக்கும் வழியும் இருக்கிறது, அதற்கும் விண்ணப்பிக்கச் சொன்னோம். அவள் மனதில் இருப்பது திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம். போன வாரம் அதே பழைய தாளை மறுபடி செய்தாள், 24க்கு 15. பார்த்த தாள் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை புதிய தாள் கொடுக்கிறோம்.