பெயரைப் பாடும் வகுப்பறை: கம்பம் பள்ளத்தாக்கில் சாதியும் தொடக்கப் பள்ளியும்

ஜூன் மாதம் பள்ளி திறந்தவுடன் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் முன் நிற்கும் முதல் வேலை, முப்பது குழந்தைகளின் பெயர்களை மனத்தில் பதித்துக்கொள்வதாகும். வருகைப் பதிவேட்டை மட்டும் நம்பினால் அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகிவிடும். அதுவரை பெயர் தெரியாத குழந்தையையும் எப்படியேனும் அழைத்தாக வேண்டும். ‘ஏ கருப்பி’, ‘கடைசி வரிசை’, ‘காலனிப் பையா’ போன்ற அழைப்புகள் வகுப்பறைக்குள் நுழைவது இந்த இடைவெளியில்தான். ஒருமுறை நுழைந்தவை எளிதில் வெளியேறுவதில்லை. ஆசிரியர் சொன்னதைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். பாட்டும் தாளமும் கொண்டு பெயர்களைக் கற்கும் விளையாட்டுகளைப் பற்றி இப்பகுதியில் நாம் எழுத முன்வந்ததற்குக் காரணம் இதுவே.

பெயர் சாதிக்கு வெளியே நின்ற பொருளன்று. சூத்திரனுக்கு இடும் பெயர் இழிவைக் குறிக்க வேண்டும் என்று மனுஸ்மிருதியின் 2ஆம் அத்தியாயம் விதிக்கிறது. 1929இல் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விடும்படி கேட்டுக்கொண்டது. அது பட்டம் வைத்திருந்தவர்களுக்கான அறைகூவல். சேரியில் வாழ்ந்தவர்களின் சிக்கலோ வேறு வகையானது. அவர்களிடம் விடுவதற்குப் பட்டம் எதுவும் இல்லை. பெற்றோர் இட்ட பெயரையே ஊர் முழுதாகச் சொல்லவில்லை. எழுபது வயது முதியவரை ஆதிக்கச் சாதிச் சிறுவன் பெயரின் பாதியைச் சொல்லி, ‘டா’ போட்டு அழைத்த வழக்கத்தைத் தென் மாவட்டங்களில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்தவர்கள். அதன் பின்னர் தமிழ்நாடு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கைக்கயிறு, நெற்றிக் குறி போன்ற சாதி அடையாளங்களைத் தடை செய்யவும் பள்ளிகளின் பெயர்களிலிருந்து சாதியை நீக்கவும் அது பரிந்துரைத்ததை ஊடகங்கள் விரிவாகப் பேசின. வகுப்பறையின் அன்றாடத்தைத் தொடும் பரிந்துரைகள் அவ்வளவு பேசப்படவில்லை. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது. நேரடியாகவோ மறைமுகமாகவோ சாதியைக் குறித்து ஆசிரியர் மாணவரை அழைக்கக் கூடாது. இருக்கைகள் அகர வரிசையில் அமைய வேண்டும். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அருகருகே இயங்கும் தேனி மாவட்டத்தில் இவற்றின் பொருள் எவருக்கும் விளங்கும். இங்கே ஒரு குழந்தை தன் பெயரைச் சொல்வதற்கு முன்பே, அது படிக்கும் பள்ளியின் பெயர்ப் பலகை பாதியைச் சொல்லிவிடுகிறது.

இந்தப் பள்ளத்தாக்கிலிருந்தே பெயருக்கும் இசைக்குமான ஒரு நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்கிறது. 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்த குழந்தைக்கு இட்ட பெயர் ஞானதேசிகன். பள்ளியில் சேர்க்கும்போது தந்தை அதை ராஜையா என்று மாற்றினார். ஊராரின் நாவில் அது ராசையா ஆயிற்று. சென்னையில் இசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டர் அதை ராஜா என்று சுருக்கினார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது பஞ்சு அருணாசலம் ‘இளைய’ என்பதை முன்னால் சேர்த்தார். ஒரு மனிதரின் பெயர் பள்ளிப் பதிவேட்டிலும் தெருவிலும் இசை வகுப்பிலும் திரையிலும் மாறிக்கொண்டே வந்ததை இதில் காணலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தப் பயணம் பதிவேட்டோடும் தெருவோடும் நின்றுவிடுகிறது.

இனி விளையாட்டுக்கு வருவோம். குழந்தைகள் வட்டமாக அமர்கிறார்கள். தொடையில் இரண்டு தட்டு, கையில் இரண்டு தட்டு. இது ஒரு சுற்று. முதல் சுற்றில் ஒரு குழந்தை தன் பெயரைச் சொல்கிறது. அடுத்த சுற்றில் வகுப்பு முழுவதும் அதே பெயரை அதே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்கிறது. பிறகு பக்கத்துக் குழந்தையின் முறை. தாளம் அறுபடுவதில்லை. ‘மதி’ போன்ற குறும்பெயர் நான்கு தட்டையும் நிரப்ப நீள வேண்டும். ‘பாண்டீஸ்வரி’ நெருங்கி அமர வேண்டும். அசைகளை நீட்டவும் குறுக்கவும் பழகும்போதே எழுத்துகளின் மாத்திரை வேறுபாடும் காதில் ஏறிவிடுகிறது. ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் வளர்த்த இசைக் கல்வி முறையில் குழந்தைகளின் பெயர்களே தாளப் பயிற்சியின் முதல் கருவியாக விளங்குகின்றன. முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஒரு முழு வட்டம் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

பதிவேட்டு அழைப்போடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஆசிரியர் பெயரைச் சொல்கிறார், குழந்தை ‘உள்ளேன் ஐயா’ என்கிறது. மற்ற இருபத்தொன்பது பேருக்கும் அதில் வேலை இல்லை. தாள விளையாட்டிலோ, ஊர்த்தெருவிலிருந்து வந்த குழந்தையின் வாய் சேரியிலிருந்து வந்த குழந்தையின் பெயரை முழுதாக, அதன் உடைமையாளர் சொன்னவாறே சொல்லியாக வேண்டும். ஆசிரியர் பெயரை மனப்பாடம் செய்வதைவிட இதையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

இத்தகைய விளையாட்டு நமக்குப் புதியதும் அன்று. தமிழகத்துப் பெண் குழந்தைகள் ஆடிவந்த ‘பூப்பறிக்க வருகிறோம்’ விளையாட்டில் இரு அணிகள் கைகோத்து எதிரெதிரே நின்று, பாடியபடி முன்னும் பின்னும் நகரும். யாரைப் பறிப்பது, யாரை அனுப்புவது என்ற கேள்விகளுக்கு விடையாகப் பாட்டுக்குள் பெயர்கள் வந்து விழும். பெயருக்குரிய இருவரும் கோட்டின் இருபுறமும் நின்று இழுப்பார்கள். ஆனால் யாரை அழைப்பது என்பது அணியின் விருப்பம். அங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது உள்ளது. விருப்பத்துக்கு விட்டால் சில பெயர்கள் மீண்டும் மீண்டும் வரும். சில பெயர்கள் வரவே வராது. வராத பெயர்கள் யாருடையவை என்று ஆசிரியர் ஒரு வாரம் குறித்துவந்தால் வகுப்பின் சாதி வரைபடம் அவர் கையில் இருக்கும். ஒரு பெயர் ஒரு முறைதான் வரலாம், எல்லாப் பெயரும் வந்த பின்னரே அடுத்த ஆட்டம் என்ற விதியைச் சேர்ப்பது கடினமன்று.

வேறு சில இடர்களும் உண்டு. அறிமுகப் பாட்டில் பெயரோடு ஊர், தெரு, அப்பாவின் வேலை ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லவைக்கும் வழக்கத்தை நாம் முற்றாக எதிர்க்கிறோம். கம்பத்திலும் சின்னமனூரிலும் ‘எந்தத் தெரு?’ என்பது முகவரி கேட்கும் கேள்வி அன்று. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே சொல்லை ஏழு வயதுக் குழந்தை வட்டத்தின் நடுவே நின்று தாளத்தோடு சொல்ல நேர்வது எத்தகைய முரண்! பெயருக்கு எதுகையாக ஏதாவதொரு சொல்லைச் சேர்க்கும் ஆட்டத்தையும் தொடக்க வாரங்களில் தவிர்க்கலாம். எதுகை கேலியாகத் திரும்ப அரை நொடி போதும்.

தாளக் கருவியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பறையை வகுப்புக்குக் கொண்டுவர விரும்பும் ஆசிரியர்களை வரவேற்கிறோம். ஆனால் ‘உனக்குத்தான் நன்றாக வருமே’ என்று தலித் குழந்தையின் கையில் மட்டும் அதைக் கொடுப்பது, ஊர் காலங்காலமாகச் செய்ததைப் பள்ளியும் செய்வதாகும். கருவி அகர வரிசைப்படி எல்லோர் கைக்கும் செல்லட்டும். வட்டத்தில் அமர்வதும் அவ்வாறே. பக்கத்துக் குழந்தையின் கையைப் பிடிக்கத் தயங்கும் குழந்தையை எல்லோர் முன்னும் கண்டிப்பதைவிட, அதன் வீட்டாரிடம் பேசுவதே பயன் தரும். தயக்கம் அங்கே கற்றதுதானே.

எந்தப் பெயரைப் பாடுவது என்பதையும் குழந்தையிடமே கேட்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கு ஒரே மொழி பேசும் பகுதி அன்று. அருந்ததியர் வீடுகள் பலவற்றில் தெலுங்கும், காப்பிலியர் வீடுகளில் கன்னடமும் ஒலிக்கின்றன. மலையடிவாரத்துப் பளியர் குடியிருப்புகளிலிருந்தும் குழந்தைகள் பள்ளிக்கு வருகிறார்கள். வீட்டில் ஒரு பெயர், பதிவேட்டில் ஒரு பெயர் என்று இருப்பது இங்கு இயல்பு. ஆசிரியருக்கு வாயில் நுழையவில்லை என்பதற்காகப் பெயரை மாற்றுவது கூடாது. நுழையும்வரை தாளத்தை மெதுவாக்கிக்கொள்ளலாம். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் தொடக்க வகுப்புகளில் ஏற்கெனவே இடம் ஒதுக்கியிருப்பதால், இதற்கென்று புதிய ஆணை எதுவும் தேவையில்லை.

பள்ளிக்கு வராத குழந்தையின் முறையை எப்படிக் கையாள்வது? விடியுமுன் ஜீப்பில் ஏறிக் குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் குடும்பங்களில் தலித்துகள் பெருமளவில் உள்ளனர். தாய் தந்தையோடு குழந்தையும் மலையிலேயே தங்கிவிடும் மாதங்கள் உண்டு. அக்குழந்தையின் முறை வரும்போது வட்டம் தாளத்தை நிறுத்தக் கூடாது. தாண்டிச் செல்லவும் கூடாது. ஒரு சுற்று தட்டு மட்டும் ஒலிக்க வேண்டும், அடுத்த சுற்றில் வகுப்பே அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து ஒரே பெயர் இவ்வாறு போனால், நான்காம் நாள் மாலை ஆசிரியர் அந்த வீட்டுக்குச் சென்று விசாரிக்க வேண்டும்.