வயிற்றில் வலி, தலைக்கு வைத்தியம்!

"வலிக்கிறது" என்கிறாள் மனைவி.

"ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொல்லி விட்டாரே!" என்கிறார் கணவர்.

இந்தப் பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. அடிவயிற்றில் வலி. மாதக்கணக்கில் வலி. மருந்து சாப்பிட்டாயிற்று. படம் எடுத்துப் பார்த்தாயிற்று. சிலருக்கு ஆபரேஷன்கூட நடந்து விட்டது. வலி மட்டும் போகவில்லை.

"வேலைக்குப் பயந்து வேஷம் போடுகிறாள்" என்று பேச்சு வேறு! பாவம், அந்தப் பெண் யாரிடம் போய் முறையிடுவாள்?

அவள் வேஷம் போடவில்லை. அந்த வலி உண்மையானது என்கிறார்கள் விஞ்ஞானிகள். தலையில் மெல்லிய மின்சாரம் செலுத்தி அந்த வலியைக் குறைக்க முடியுமா என்றும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நிற்காத மணி

6 மாதத்துக்கு மேல் நீடிக்கும் அடிவயிற்று வலியை "நாள்பட்ட வலி" என்பார்கள். இதற்குக் காரணங்கள் பல. கருப்பைக்கு உள்ளே இருக்கும் சவ்வைப் போன்ற சதை, கருப்பைக்கு வெளியே வளர்வது ஒரு காரணம். இந்த நோய்க்கு "எண்டோமெட்ரியோசிஸ்" என்று பெயர். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மூத்திரப்பை, குடல், தசை ஆகியவற்றின் கோளாறாலும் வலி வரலாம். ஆண்களுக்கும் இந்த வலி வருவது உண்டு.

காரணத்தை நீக்கிய பிறகும் வலி ஏன் நிற்கவில்லை?

வாசலில் ஒருவர் மணியை அழுத்துகிறார். உள்ளே மணி அடிக்கிறது. அவர் போய் விட்டார். ஆனால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது! கோளாறு இப்போது வாசலில் இல்லை, மணியில் இருக்கிறது.

வலியும் அப்படித்தான். காயம் படுவது உடம்பில். வலியை உணர்வது மூளை. நெடுநாள் வலியால் நரம்புகளும் மூளையும் வலிக்குப் பழகி விடுகின்றன. சிறிய தூண்டுதலும் பெரிய வலியாகத் தெரிகிறது. காலை இழந்தவர்கள் சிலர், இல்லாத காலில் வலி இருப்பதாகச் சொல்வதும் உண்டு.

மீன் கொடுத்த மின்சாரம்

வலிக்கு மின்சாரம் என்பது புதிய யோசனை அல்ல. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர் இருந்தார். தலைவலிக்காரரின் தலையில் உயிருள்ள மின்சாரத் திருக்கை மீனை வைக்கும்படி அவர் எழுதி வைத்தார்!

1991-ல் ஜப்பானிய டாக்டர் சுபோகாவாவின் குழுவினர், தீராத வலி உள்ளவர்களின் மண்டை ஓட்டைத் திறந்து, கை கால்களை அசைக்க உத்தரவிடும் மூளைப் பகுதியின் மேல் மின்தகடு வைத்தார்கள். பலருக்கு வலி குறைந்தது. ஆனால் வலிக்காக மண்டையைத் திறக்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

2000-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்சே, பவுலஸ் என்ற இரு டாக்டர்கள் வழி காட்டினார்கள். தலைக்கு வெளியே ஈரப் பஞ்சு உறையில் மின்தகடு வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தினாலே, அதே மூளைப் பகுதியின் வேகம் மாறுகிறது என்று காட்டினார்கள். கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை.

"ஐயோ, ஷாக் வைத்தியமா?" என்று பயப்பட வேண்டாம். மனநோய்க்குக் கொடுக்கும் ஷாக் வைத்தியத்தில் சுமார் 800 மில்லி ஆம்பியர் மின்சாரம் பாயும். இதிலோ 1 அல்லது 2 மில்லி ஆம்பியர்தான். தோலில் லேசாகக் குறுகுறுக்கும். சிலருக்கு அரிப்பு, தலைவலி வரலாம்.

பொய் மின்சாரம்

அமெரிக்காவில் டாக்டர் பென்டன் குழுவினர் 7 பெண்களைச் சோதித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தும் ஆபரேஷனும் பலன் தராத பெண்கள் அவர்கள். 20 நிமிடம் வீதம் அடுத்தடுத்து 2 நாள் சிகிச்சை.

இங்கேதான் ஒரு தந்திரம்! ஒரு முறை மெய்யான மின்சாரம். இன்னொரு முறை பொய் மின்சாரம். பொய் சிகிச்சையில் முதலில் சற்றுக் குறுகுறுக்கும். பிறகு மின்சாரம் நின்று விடும். எது மெய், எது பொய் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. "வைத்தியம் நடக்கிறது" என்ற நம்பிக்கையே வலியைக் குறைக்கும் அல்லவா? நம்பிக்கையின் பலனையும் மின்சாரத்தின் பலனையும் பிரித்துப் பார்க்கவே இந்த ஏற்பாடு.

முடிவு என்ன? மெய்யான மின்சாரத்துக்குப் பிறகு வலி அதிகமாகக் குறைந்திருந்தது.

பிறகு ஜெர்மனியில், எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 36 பெண்களிடம் சோதனை நடந்தது. 18 பேருக்கு மெய். 18 பேருக்குப் பொய். 10 நாள் சிகிச்சை. 2023-ல் முடிவு வெளியாயிற்று. இதிலும் மெய்யான மின்சாரமே வென்றது. சிகிச்சை முடிந்து ஒரு வாரம் கழித்தும் பலன் தெரிந்தது.

அவசரம் வேண்டாம்

7 பேர், 36 பேர் என்பது சிறிய கணக்கு. ஒரு வார நிம்மதி, வருஷக்கணக்கான வலிக்குப் பரிகாரம் ஆகாது. பல நூறு பேரிடம், பல மாதம் சோதித்த பிறகே இதை உறுதியான வைத்தியம் என்று சொல்ல முடியும். வீட்டில் பாட்டரியை வைத்துக்கொண்டு யாரும் விளையாடக் கூடாது. தோல் வெந்து போகும். வலிப்பு நோய் உள்ளவர்களும், தலையில் உலோகத் தகடு உள்ளவர்களும் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அடிவயிற்று வலி என்றால் முதலில் டாக்டரிடம் சென்று காரணத்தைக் கண்டுபிடிப்பதே முறை.

மின்சாரம் வலியை வெல்லுமா என்பதை நாளைய சோதனைகள் சொல்லட்டும். ஆனால், "படத்தில் ஒன்றும் இல்லை" என்பதற்கு "வலி இல்லை" என்று அர்த்தம் அல்ல.

நம் வீட்டுப் பெண் "வலிக்கிறது" என்றால் அதை நம்ப, எந்த இயந்திரமும் தேவை இல்லையே!